குதிரைகளோடு ஒரு கூடாரவாசம்

குதிரைகளோடு நமக்கு இருந்த பரிசயம் மிகவும் சொற்பம். ஊர் எல்லையில் ஐயனார் கோயிலுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் மண் குதிரைகளை அறிவோம், அவை உதைப்பதில்லை. சென்னைக் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பர்லாங்கு தூரம் நடந்து திரும்பும் குதிரைகளை எட்ட நின்று பார்த்திருக்கிறோம். இவ்வளவு அனுபவத்தை மூலதனமாக வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் காட்டில் மூன்று இரவுகள் குதிரைகளுக்குப் பக்கத்தில் படுத்து உறங்கிவிட்டு வந்தோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். உறங்கினோம் என்பதும் முழு உண்மை அல்ல. மூன்றில் ஓர் இரவு யாருமே உறங்கவில்லை. அந்த இரவைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் நம்முடைய பிழை ஒன்றும் கலந்திருக்கிறது.

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடியதும், நம் இல்லாளும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த பையனும் உடன்வர, கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் மைத்துனர் வீட்டில் போய் இறங்கினோம். கெண்டக்கி குதிரைக்குப் பேர்போன சீமை. 1875-ஆம் வருஷம் தொடங்கிய டெர்பிப் பந்தயம் அந்த நகரத்தில்தான் வழக்கமாக மே மாதத்து முதல் சனிக்கிழமையன்று நடக்கிறது. நாம் போய்ச் சேர்ந்தபோது பந்தயம் முடிந்து, தோற்றவர்களும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதில் நமக்கு வருத்தம் இல்லை. பந்தயக் குதிரையினால் குடும்பங்கள் கெட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் மைத்துனருடைய வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு குதிரைகள் பந்தயத்தையே அறியாத சாது ஜீவன்கள். டெய்ஸி என்பது இருபத்துநான்கு வயதான பெட்டைக் குதிரை. சாம்பல் நிறம் வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. ஜாஸ்பர் என்பது அதற்குப் பாதி வயதுகூட ஆகாத செம்பழுப்புக் குதிரை. அவற்றை வளர்ப்பவர்கள் எழுபது வயதைத் தாண்டிய தம்பதி. பெரியவர் தபால் இலாகாவில் இருந்தவர். அம்மையார் முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாமும் அதே தொழில் என்று அறிந்ததும், வருஷந்தோறும் மே மாதத்தில் தாங்கள் குதிரைகளோடு போய்த் தங்கும் காட்டுக்கு நம்மையும் அழைத்தார்.

நாம் தயங்கினோம். "அத்தான், அவசியம் போக வேண்டும். இந்தத் தேசத்தில் பட்டணங்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? எல்லாம் ஒரே அச்சு. நானும் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்றார் மைத்துனர். நம் இல்லாள் அதற்குள் புளிக்காய்ச்சலுக்குப் புளியை ஊறவைத்துவிட்டாள். பிரயாணம் நிச்சயமாயிற்று.

புறப்படுவதற்கு முதல் நாள் அம்மையார் ஒரு காகிதக் கட்டைக் காட்டினார். நாம் கடல் கடக்கப் பாஸ்போர்ட்டு வாங்கியதைப்போல, மாநில எல்லையைக் கடக்கக் குதிரைகளுக்கும் அத்தாட்சி வேண்டியிருக்கிறது! ஒவ்வொரு குதிரையின் ரத்தத்தையும் சோதித்து, இன்ன வியாதி இல்லை என்று எழுதிக் கொடுத்த பத்திரம் அது. ரத்தத்தைக் கெடுத்துக் குதிரையைச் சோகை பிடிக்க வைக்கும் ஒரு தொற்று நோய் உண்டு. குதிரை ஈக்கள் அதைப் பரப்புகின்றன. குணப்படுத்த மருந்து கிடையாது. நோய் கண்ட குதிரையை ஆயுள் உள்ள வரையில் தனியே அடைத்து வைக்க வேண்டும், இல்லையேல் கொன்றுவிட வேண்டும். 1970-ஆம் வருஷத்தில் லெராய் காகின்ஸ் என்னும் விஞ்ஞானி கண்டுபிடித்த பரிசோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது. பல ஊர்க் குதிரைகள் ஒன்றுகூடும் இடங்களுக்குப் போகிறவர்கள் இந்தப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

காகிதத்துக்கு அடுத்தபடியாக நம்மை வியக்கவைத்தது தண்ணீர். குதிரைகள் நிற்கும் இழுவண்டியில், உலர்ந்த புல்கட்டுகளுக்கும் சேணங்களுக்கும் நடுவில், இரண்டு பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்கள் நிறைய வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஏற்றினார்கள். "அங்கே தண்ணீர் கிடைக்காதா?" என்று கேட்டோம். "ஏராளமாகக் கிடைக்கும். இவர்கள் குடிக்க வேண்டுமே!" என்றார் அம்மையார். குதிரை நாளொன்றுக்கு இருபத்தைந்து முதல் நாற்பது லிட்டர் வரையில் குடிக்கும். ஆனால் வாசனை வேறுபட்டால் தாகத்தோடு நிற்குமே ஒழிய வாயை வைக்காது. ஆகையால் முதலில் வீட்டுத் தண்ணீரைக் கொடுத்து, பிறகு புதுத் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் பழரசம் கலந்து ஏமாற்றிப் பழக்குவார்களாம். கல்யாணத்துக்குப் போன இடத்தில் "எங்கள் ஊர்த் தண்ணீர் மாதிரி வராது" என்று சொல்லும் நம் உறவினர் சிலருடைய ஞாபகம் வந்தது, அப்போது சிரித்தோம்.

ஒஹையோ நதிப் பாலத்தைக் கடந்தால் இந்தியானா. இந்தியர்களுடைய நாடு என்று பொருள். கொலம்பஸ் செய்த பூகோளத் தவற்றினால் அந்த மண்ணின் மக்களுக்கு நம் பெயர் வந்து, அவர்களால் மாநிலத்துக்கும் வந்துவிட்டது. நாம் போகும் இடத்துக்குக் கொஞ்சம் கிழக்கே கொலம்பஸ் என்றே ஓர் ஊர் இருக்கிறது! குதிரைகள் நிற்கும் வண்டியை வேகமாக ஓட்டலாகாது. திருப்பங்களில் அவை கால் ஊன்றி நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெதுவாகச் சென்று பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்காவை அடைந்தோம்.

பூங்கா என்ற சொல்லைக் கேட்டு ரோஜாப் பாத்தியையும் நீரூற்றையும் எண்ண வேண்டாம். சுமார் 16,000 ஏக்கர் காடு அது. இந்தியானாவின் மாநிலப் பூங்காக்களில் மிகப் பெரியது. ஆதிகாலத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறைகள் மாநிலத்தின் பெரும் பகுதியை அம்மிக்கல்லால் தேய்த்தாற்போல் சமதளமாக்கிவிட்டன. இந்தக் குன்றுகளை மட்டும் அவை எட்டவில்லை. பூங்காவில் உயர்ந்த குன்றின் உயரம் 1,058 அடி. நம் கணக்கில் அதை மலை என்று சொல்ல வாய் வராது. ஆயினும் பள்ளத்துக்குப் பள்ளம், மேட்டுக்கு மேடு, மரங்கள் கடலலைபோல் போய்க்கொண்டே இருக்கின்றன. ஓவியர் டி. ஸி. ஸ்டீல் 1907-ல் அருகிலுள்ள ஒரு குன்றில் வீடு கட்டிக்கொண்டு குடியேறினார். அவரைத் தொடர்ந்து வந்த சித்திரக்காரர்களால் இந்தச் சின்னஞ்சிறு ஜில்லா தேசமெங்கும் பிரசித்தியடைந்தது.

இது கன்னி வனம் என்று நாம் நினைத்தோம். பெரியவர் தலையை அசைத்தார். குடியேறிய விவசாயிகள் மரத்தை வெட்டிச் சரிவில் ஏர் பூட்டினார்களாம். மழை பெய்யப் பெய்ய மேல்மண் ஓடையில் இறங்கியது. கடைசியில் விளைச்சல் விதைக்கும் காணவில்லை. பல குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போய்விட்டன. 1924 முதல் சர்க்கார் அந்த நிலங்களை வாங்கி வனவிலங்குகளுக்கு ஒதுக்கியது. 1929-ல் அது பூங்காவாயிற்று. அடுத்த சில வருஷங்களில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, ரூஸ்வெல்ட் அமைத்த இளைஞர் படையினர் இங்கே முகாமிட்டு, மண்ணைப் பிடித்து நிறுத்த ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள், பாதை வெட்டினார்கள், கல்லாலும் மரத்தாலும் தங்கு மண்டபங்கள் கட்டினார்கள். இன்று நிழல் தரும் மரங்களில் பல நூறு வயதுகூட ஆகாதவை. கெட்டுப்போன காடு ஒரு மனித ஆயுளுக்குள் திரும்பி வந்திருக்கிறது என்பதை, நம் குன்றுகள் ஜல்லிக் கற்களாகிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு மூலபுருஷர் ரிச்சர்டு லீபர் என்பவர். 1869-ல் ஜெர்மனியில் பிறந்து, 1891-ல் இந்தியானாபோலிஸுக்கு வந்து குடியேறியவர். 1916-ல் மாநிலத்தின் நூற்றாண்டு விழா வந்தது. வாண வேடிக்கைகளோடு விழாவை முடித்துவிடாமல், ஜனங்களுக்கென்று காடுகளை வாங்கி வைக்க வேண்டும் என்று முனைந்து, அந்த வருஷமே முதல் பூங்காக்களை ஏற்படுத்தினார். உபயோகிக்கிறவர்கள் செலவில் ஒரு பங்கைத் தாங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தலைக்குப் பத்து ஸெண்டு என்று ஆரம்பித்த நுழைவுக் கட்டணம் வேறு ரூபத்தில் இன்றும் இருக்கிறது. குதிரைக்கும் தனிச் சீட்டு உண்டு!

பூங்காவின் வடக்கு வாயிலில் 1838-ல் கட்டிய, கூரை போட்ட மரப் பாலம் ஒன்று இருக்கிறது. மாநிலத்தில் உள்ள அப்படிப்பட்ட பாலங்களில் அதுவே மிகப் பழையது. 1932-ல் வேறோர் இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்களாம். உயரமான வண்டிகள் அதற்குள் நுழைய முடியாது. குதிரைக்காரர்களுக்கு வேறு திசையில் தனி வாயிலும் தனி முகாமும் இருக்கின்றன. அங்கே போய் இறங்கினோம்.

நாம் எதிர்பார்த்தது நாலு கூடாரம். கண்டதோ ஒரு கிராமம். வரிசையாக வண்டிகள், அவற்றுக்குப் பக்கத்தில் கட்டுத்தறிகள், எங்கு பார்த்தாலும் வால்கள். நம் தேசத்தில் குதிரை ஏறினவன் ஒன்று ராஜா, அல்லது துரை; கல்யாண மாப்பிள்ளை வாடகைக்கு ஏறுவான். இங்கே பக்கத்து இடத்தில் இருந்தவர் மோட்டார் பழுது பார்க்கும் தொழிலாளி. எதிரில் இரண்டு மருத்துவமனைத் தாதிமார். அவர்களுக்கு அப்பால் பேரப் பிள்ளைகளோடு ஒரு சோள விவசாயி. குதிரை அவர்களுக்குப் பெருமைச் சின்னம் அல்ல, நம் வீட்டுப் பசுமாட்டைப்போல வீட்டில் ஒருவர். செலவு மட்டும் ராஜ குடும்பத்துச் செலவுதான். ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவி லாடம் அடிக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்துக் கிலோ உலர்ந்த புல் வேண்டும். அதற்காகவே புது மோட்டார் வாங்காமல் பழையதை ஓட்டிக்கொண்டிருப்பதாக அந்தத் தொழிலாளி சொன்னார்.

முகாம் வாழ்க்கையின் சட்டம் ஒன்றே ஒன்று: முதலில் குதிரை, பிறகு மனிதர். கிழக்கு வெளுப்பதற்குள் ஒரு குதிரை கனைக்கும். உடனே முகாம் முழுவதும் பதில் கனைப்பு எழும். பெரியவர் எழுந்து புல் போடுவார். அம்மையார் வாளிகளைக் கழுவுவார். பிறகு உடம்பு தேய்ப்பு. நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளம்பில் சிக்கிய கல்லை நோண்டி எடுப்பது. இவ்வளவும் முடியும் வரையில் காப்பிக்கு வாய் திறக்கலாகாது. காப்பி இல்லாமல் கண் விழியாத நமக்கு இது ஒரு விரதமாகவே இருந்தது.

அடுத்தபடி லத்தி. லத்தி என்றதும் போலீஸ்காரரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது குதிரை போடுவது. அதை அவ்வப்போது பல் வைத்த வாரியால் அள்ளி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் போட்டு, அதற்கென்று உள்ள கிடங்கில் கொட்டிவிட்டு வர வேண்டும். வேலைக்காரர் கிடையாது. அவரவர் குதிரைக்கு அவரவரே தோட்டி. சிறு பிள்ளைகள்கூட முகம் சுளிக்காமல் செய்தார்கள். நம் பையன் உற்சாகமாக வாரியைக் கையில் எடுத்தான். நாமோ மூக்கைப் பொத்திக்கொண்டு, நூறு பேர் தினமும் ஒதுங்கும் நம் ஊர்க் குளக்கரையைப் பற்றி ஒரு நிமிஷம் சிந்தித்துவிட்டு, நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

மற்ற விதிகளும் அர்த்தம் உள்ளவையே. குதிரையை மரத்தில் கட்டலாகாது. சும்மா நிற்கும் குதிரை பட்டையைக் கடிக்கும், காலால் பறித்து வேரை வெளியே கொண்டுவரும், மரம் பட்டுப்போகும். கறுப்பு வாதுமை மரத் தூளைப் படுக்கையாகப் போட்டால் குதிரையின் குளம்பு வீங்கி நடக்க முடியாமல் போய்விடும். வாலில் சிவப்பு நாடா கட்டிய குதிரையின் பின்னால் போகக் கூடாது. அது உதைக்கும் குதிரை என்று அர்த்தம். நம் கல்வி இலாகாவிலும் இப்படி ஒரு நாடா வழக்கம் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று தோன்றியது.

இரண்டாம் நாள் காலையில் நாமும் குதிரை ஏறினோம். ஏறினோம் என்பதைவிட, பெரியவரும் மைத்துனரும் இரண்டு பக்கமும் தாங்க, ஜாஸ்பரின் மேல் வைக்கப்பட்டோம் என்பதே பொருத்தம். பெரியவர் கயிற்றைப் பிடித்து நடத்தினார். அங்கவடியில் கால் நிற்கவில்லை; கடிவாள வாரை விட்டுவிட்டுப் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டோம். நம் இல்லாள் அதே குதிரையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள் என்பதையும் நீதி கருதி எழுதிவிடுகிறோம். பையன் டெய்ஸியின் மேல் ஏறி, அம்மையார் ஜாஸ்பரில் முன்னே செல்ல, மூன்று மணி நேரம் காட்டுக்குள் போய்வந்தான். குதிரைகளுக்கென்று சுமார் 70 மைல் பாதை இருக்கிறது. மேட்டில் ஏறும்போது முன்னால் சாய வேண்டும், இறங்கும்போது பின்னால் சாய வேண்டும், எதிரே நடந்து வருகிறவர்கள் பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கி நின்று இரண்டு வார்த்தை பேசினால் குதிரை மிரளாது என்றெல்லாம் கற்றுக்கொண்டு வந்து நமக்குப் பாடம் நடத்தினான். பாதை முழுவதும் உயரத்திலிருந்து துலிப் மரத்தின் பூக்கள் விழுந்து கிடந்தனவாம். பச்சையும் மஞ்சளுமாக ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தான்.

இந்தப் பூங்காவிலிருந்து மேற்கே ஒரு நெடுநடைப் பாதை போகிறது. அதற்குப் 'பத்து மணிக் கோடு' என்று பெயர். 1809-ல் ஹாரிஸன் என்ற கவர்னர் டெலவேர், பொடவாட்டமி, மயாமி முதலிய குலத்தாரிடம் ஓர் உடன்படிக்கையில் கைச்சாத்து வாங்கிச் சுமார் முப்பது லட்சம் ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டார். வெள்ளையருடைய அளவுக் கருவியை அந்த மக்கள் நம்பவில்லை. காலை பத்து மணிக்கு நட்ட ஈட்டியின் நிழல் விழும் திக்கையே எல்லையாக ஒப்புக்கொண்டார்கள் என்று கதை வழங்குகிறது. நிலம் எல்லாக் குலத்துக்கும் பொது, அதை விற்க எவருக்கும் உரிமை இல்லை என்று வாதாடினார் ஷானி குலத்துத் தலைவர் டெகும்ஸே. அவர் வாதத்துக்கு 1811-ல் டிப்பகானூவில் துப்பாக்கியால் விடை கிடைத்தது. அந்நியன் காகிதத்தில் கோடு கிழிப்பதன் பலன் நம் மக்களுக்குத் தெரியாதது அல்ல. இன்று எல்லாருக்கும் பொது என்று வேலியில்லாமல் கிடக்கும் இந்தக் காட்டில் நிற்கும்போது, அதே வார்த்தையை முதலில் சொன்னவர் அவரே என்ற நினைவு நம்மை விட்டுப் போகவில்லை.

இனி அந்தப் பிழைக்கு வருவோம்.

சவாரி முடிந்து மத்தியான்னம் திரும்பிய குதிரைகள் வேர்த்திருந்தன. வீட்டுத் தண்ணீர் காலையோடு தீர்ந்துவிட்டது. முகாம்க் குழாயில் பிடித்த தண்ணீரில் பழரசம் கலந்து இரண்டு வாளிகளிலும் வைத்தார்கள். பழரசமும் அதோடு தீர்ந்தது. அதை வாங்கவும் மற்றச் சாமான்களுக்காகவும் எல்லாரும் அருகிலுள்ள நாஷ்வில் என்ற சிற்றூருக்குப் புறப்பட்டார்கள். நாம் மட்டும் இடுப்பு வலியைக் காரணம் காட்டித் தங்கிவிட்டோம். போகும்போது அம்மையார், "ஐயா, டெய்ஸியின் வாளியைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறையவில்லை என்றால் அவசியம் சொல்ல வேண்டும்" என்றார். தலையை ஆட்டினோம்.

நாற்காலியில் சாய்ந்து லீபரைப் பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தை வாசித்தோம். கொஞ்சம் கண் அயர்ந்தோம். ஜாஸ்பர் தன் வாளியில் வாயை வைத்து உறிஞ்சும் சப்தம் கேட்டது. அவர்கள் திரும்பி வந்ததும், "குடித்தாளா?" என்று அம்மையார் கேட்டார். "குடித்தது" என்றோம். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ஒன்று குடித்தால் மற்றதும் குடித்திருக்கும் என்ற எண்ணம். வீட்டுப் பாடத்தை எழுதாமலே "எழுதிவிட்டேன் ஸார்" என்று சொல்லும் பையன்களை எத்தனை பேரைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்திருக்கிறோம்!

சாயங்காலம் முகாமின் ஓரத்தில் மான்கள் வந்து நின்றன. ஒரு காலத்தில் இந்த மாநிலத்தில் மானே அற்றுப்போய், 1934 முதல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். பிறகு பெருகிப் பெருகிக் காட்டின் கீழ்ச்செடிகளை எல்லாம் மேய்ந்துவிடவே, 1993-ல் இந்தப் பூங்காவிலேயே வேட்டைக்கு அனுமதி கொடுத்து எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதாயிற்று. இதைப் பேசிக்கொண்டே புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு உறங்கப் போனோம். டெய்ஸி புல்லை முகர்ந்துவிட்டுச் சும்மா நின்றது. களைப்பு என்று எண்ணினார்கள்.

இரவு பதினொரு மணி இருக்கும். "அப்பா, டெய்ஸி தரையைத் தோண்டுகிறது" என்று பையன் எழுப்பினான். வெளியே வந்தோம். முன்னங்காலால் மண்ணை வரட்டுவரட்டென்று பறித்தது. கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தது. முழங்காலை மடித்துப் படுக்கப் போயிற்று. அம்மையார் அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். நல்ல குதிரையின் வயிற்றில் ஓயாமல் கடமுடவென்று ஓசை இருக்குமாம். "ஒன்றும் கேட்கவில்லை" என்றார். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார்; அது உடனே படியாமல் மடிப்பாகவே நின்றது. பிறகு விளக்கை வாளியின் பக்கம் திருப்பினார். வாளி நிறைந்தபடியே இருந்தது. ஒரு புல் துரும்பு அதன்மேல் மிதந்துகொண்டிருந்தது.

வயிற்றுச் சூலை குதிரைகளுக்கு யமன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் முழுவதும் கடந்துதான் வெளியே வர வேண்டும். தண்ணீர் போதாமல் உலர்ந்த புல் ஓரிடத்தில் இறுகிவிட்டால் வழி அடைபடும்; வலி தாங்காமல் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளவும் கூடும். அந்தப் பள்ளத்தில் கைபேசி பேசாது. மைத்துனர் காரில் மேட்டுக்கு ஓடிப் பெரியவரோடு மிருக வைத்தியரைக் கூப்பிட்டுவிட்டு வந்தார். வைத்தியர் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அது வரையில் படுக்கவிடாமல் மெதுவாக நடத்த வேண்டும்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மோட்டார்த் தொழிலாளி வந்தார். தாதிமார் இருவரும் போர்வையோடு வந்தார்கள். முறை போட்டுக்கொண்டு நடத்தினார்கள். நம் முறை வந்தபோது கயிற்றை வாங்கிக்கொண்டோம். முந்தின நாள் அருகில் போக அஞ்சிய அந்தப் பெரிய தலை நம் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. மூச்சு உஷ்ணமாக நம் கழுத்தில் பட்டது. இருபது அடி போய்த் திரும்பும்போது அம்மையார் எதிரில் நின்றார். நடந்ததைச் சொல்லிவிட்டோம்: வாளியைப் பார்க்கவில்லை, பார்க்காமலே குடித்தது என்றோம், என்று.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் இன்று மாலை நாலு தடவை அந்த வாளியைத் தாண்டிப் போனேன்" என்றார். "நடந்துகொண்டே இருங்கள். நின்றால் படுத்துவிடுவாள்."

வைத்தியராக வந்தவர் முப்பது வயதுகூட நிரம்பாத பெண்மணி. நாடியைப் பார்த்தார், நிமிஷத்துக்கு நாற்பதுக்குள் இருக்க வேண்டியது அறுபது அடித்தது. ஈறை விரலால் அழுத்தி நிறம் திரும்புவதைப் பார்த்தார். தோள்வரை உறை போட்ட கையை உள்ளே விட்டுச் சோதித்து, இறுக்கம் இருக்கிறது, முறுக்கல் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியே நீண்ட குழாயைச் செலுத்தி, உப்புக் கலந்த வெந்நீரும் எண்ணெயுமாக வாளிக் கணக்கில் வயிற்றுக்குள் இறக்கினார். "மருந்து இவ்வளவுதான். இதற்கு மேல் ஆனால் வயிற்றைக் கீறுவது. பர்டியூ சர்வகலாசாலை மருத்துவசாலைக்குக் கொண்டுபோகலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிரயாணம். என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வயது இருபத்துநான்கு. கத்தி வேண்டாம்" என்றார் பெரியவர். அம்மையார் குதிரையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கத்தி வேண்டாம் என்றால் வேறு என்ன என்பதை யாரும் சொல்லவில்லை. வைத்தியர் தம் பெட்டியை மூடாமலே வைத்திருந்தார்.

இனி எதற்காகக் காத்திருக்க வேண்டும்? லத்திக்காக. அது விழுந்தால் வழி திறந்தது என்று அர்த்தம். நேயர்களே, பத்துப் பதினைந்து பேர் நடுநிசியில் குதிரையின் வாலைப் பார்த்தபடி பேச்சற்று உட்கார்ந்திருந்ததைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நம் இல்லாள் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். மூன்று மணிக்கு டெய்ஸி மீண்டும் விலாவைத் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் நடத்தினோம். நான்கரைக்குப் பையன் விலாவில் காதை வைத்து, "கேட்கிறது! ஓடை மாதிரி கேட்கிறது!" என்றான். வைத்தியர் தம் கருவியை வைத்துக் கேட்டுத் தலையை அசைத்தார். கிழக்கு வெளுத்துப் பறவைகள் கூவத் தொடங்கின. எங்கோ ஒரு குதிரை கனைத்தது. வழக்கம்போல் முகாம் பதில் சொல்லிற்று. அந்த நேரத்தில் டெய்ஸி வாலைத் தூக்கியது.

உலர்ந்து இறுகிய ஏழு சிறிய உருண்டைகள். எண்ணினோம். பெரியவர் தொப்பியைக் கழற்றினார். தாதிமாரில் ஒருவர் அழுதார். மோட்டார்த் தொழிலாளி நம் கையைப் பிடித்துக் குலுக்கினார், நாமே ஏதோ சாதித்ததுபோல. நாம் வாரியை எடுத்துக்கொண்டு போய் அந்த ஏழையும் அள்ளித் தள்ளுவண்டியில் போட்டோம். மூக்கைப் பொத்திக்கொள்ள ஞாபகமே இல்லை.

இறக்கிய எண்ணெயும் வெளியே வந்தால்தான் முழு வழியும் சரியாயிற்று என்று சொல்லிவிட்டு வைத்தியர் போனார். அது மத்தியான்னத்துக்கு மேல் பளபளவென்று வந்தது. அன்று யாரும் சவாரி போகவில்லை. பிடி பிடியாகப் பச்சைப் புல் மட்டும் கொடுத்தார்கள். மறுநாள் காலையில், வந்ததைவிட மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு கெண்டக்கிக்குத் திரும்பினோம்.

லூயிவில்லில் குதிரைகளை வேலிக்குள் விட்டு, பழைய குழாய்த் தண்ணீரைப் பழைய வாளியில் நிரப்பி வைத்தார்கள். அம்மையார் உள்ளே போய்ச் சாமான்களை இறக்கிவிட்டு வந்தார். நாம் வேலியோரத்தில் உட்கார்ந்திருந்தோம். டெய்ஸி உறிஞ்சியதைக் கண்ணால் பார்த்தும் இருந்தோம். "குடித்தாளா?" என்று கேட்டார். எழுந்து போய் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தோம். அடியில் நான்கு விரற்கடைத் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது.